ராகேல் படித்த ஜெர்மன்

ராகேல் ஜெர்மன் பாடத்தைக் கேட்டு வாங்கவில்லை. ப்ளஸ் டூ முடித்த வருஷம் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பப் போனபோது, அவளும் அப்பாவும் யோசித்து எழுதிக்கொண்டு போன ஆப்ஷன்கள் ஆறுதான். ஆங்கிலம், பொருளாதாரம், வரலாறு என்று எல்லோரும் எழுதுகிற வரிசை. "காலியா விடண்டா, கிட்டினது வரட்டும்" என்று கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண் மீதி இடங்களைத் தானே தட்டி நிரப்பினாள். அப்படி ஏழாவதாக விழுந்தது பி.ஏ. ஜெர்மன் மொழியும் பண்பாடும். முதல் அலாட்மென்டில் ராகேலுக்குக் கிடைத்தது அந்த ஏழாவதுதான்.

அப்பா சத்தியதாஸ், சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். பாறசாலைக்கு அப்பால் தமிழ் பேசும் எல்லையோர ஊரிலிருந்து இருபது வயதில் வந்து, கீலும் தாழ்ப்பாளும் ஸ்குரூவுமாகவே நாளைக் கழித்து, ஆரியசாலையில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். அலாட்மென்ட் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"மக்களே, இது ஜெர்மன்காரனுக்க பாஷையாக்குமா?"

"ஆமாப்பா."

"படிச்சா என்ன வேலை கிட்டும்?"

"தெரியாதுப்பா."

அம்மா ஞானசெல்வம் அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "நர்சிங்குக்கு விடணும்னு நான் சொன்னப்போ அப்பனும் மோளும் கேக்கல்ல. இப்ப பாரு."

ராகேலுக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். அதனால் நர்சிங் பேச்சு அதற்குமேல் நீளவில்லை. இப்போதைக்குச் சேர்ந்துவைப்பது, அடுத்த வருஷம் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்வது என்று முடிவாயிற்று.

வகுப்பில் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வந்தவர்கள் பாதி; ஓணம் விடுமுறை முடிந்தபோது அவர்களைக் காணோம். ராகேலும் போகத்தான் இருந்தாள். அவளை நிறுத்தியது இலக்கணம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருநாள் துறைத் தலைவர் பலகையில் நீளமான ஒரு வாக்கியத்தை எழுதி, 'ஏனென்றால்' என்று தொடங்கிவிட்டால் வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும் என்றார். ஆங்கிலத்தை வைத்தே யோசித்துப் பழகிய பிள்ளைகள் வினையை நடுவில் போட்டுப் போட்டுத் தடுமாறினார்கள். ராகேலுக்கு அது தடுமாற்றமாகவே இல்லை. வீட்டில் அம்மா பேசுவதே அப்படித்தானே! யார், எங்கே, எதற்கு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தானே வந்தானா, வரவில்லையா என்று சொல்கிறோம்? மலையாளமும் அப்படித்தான். ஆனால் அந்த வகுப்பில் யாரும் வீட்டுப் பேச்சை வைத்து ஜெர்மனை யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை மலையாளத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்குச் சர்ச்சிலும் ஞாயிறு பள்ளியிலும் வேதபுத்தகத்திலிருந்தும் வந்தது. எங்கேயும் மதிப்பெண் வாங்கித் தராத அந்தத் தமிழ் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

அதிலிருந்து அவள் வீட்டுக்கு வந்து ஜெர்மன் பேச்சாகவே பேசினாள். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை என்று தட்டைக் கழுவிக்கொண்டே சொல்வாள். ஒருநாள், அந்தப் பாஷையில் பெண்பிள்ளை என்ற சொல்லே அஃறிணை என்று சொன்னாள்.

"அங்கயும் அப்படித்தானா?" என்று கேட்டாள் ஞானசெல்வம். பிறகு அம்மாவும் மகளும் சிரித்துச் சிரித்து, என்ன விஷயம் என்று சத்தியதாஸ் உள்ளே வந்து பார்க்கும்படி ஆயிற்று.

பண்பாட்டுப் பாடம் அவளுக்கு இன்னும் பிடித்தது. எந்த ஆற்றின் கரையில் எந்த ஊர், எந்த மாநிலத்தில் என்ன ரொட்டி, எந்த மாதம் எந்த மரத்தின் இலை பழுக்கும் என்று எல்லாம் மனப்பாடம். கொல்லத்துக்கு வடக்கே ராகேல் போனதில்லை. ஆனால் பெர்லினின் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்வாள். அந்த ஆர்வத்தில் அவளுக்குத் துணை ஸ்மிதா. ஸ்ரீவராகம் தெருவில் வீடு, அப்பா வங்கியில் அதிகாரி. இருவரும் மலையாளத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு செமஸ்டர் முடிந்த பிறகு, ராகேல் நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் அவள் வீட்டிலும் தமிழ் என்று ஸ்மிதா கண்டுபிடித்தாள்.

"ஏண்டி, நீ தமிழா? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

மூன்றாம் வருஷத்தில் எஞ்சியது ஒன்பது பேர். முதலாவது ராகேல், இரண்டாவது ஸ்மிதா. ஸ்மிதா மேல்படிப்புக்கு ஜெர்மனிக்குப் போனாள். மாணவர் விசாவுக்கு ஒரு வருஷச் செலவை வங்கியில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி. ராகேல் அந்த விதியைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடவில்லை. விமான நிலையத்துக்கு ஸ்மிதாவை வழியனுப்பப் போய், அவள் கண்ணாடிக் கதவுக்குள் மறைகிற வரைக்கும் கையசைத்துவிட்டு, ஈஞ்சக்கல்லில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் தினமும் போன் வந்தது. பிறகு பண்டிகைக்கு. பிறகு அதுவும் இல்லை.

தம்பானூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஜெர்மன் கற்றுத்தரும் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் ராகேலுக்கு வேலை கிடைத்தது. படிக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் நர்சுகள். ஜெர்மனிக்கு நர்சுகள் தேவைப்பட்டார்கள். ஜெர்மன் தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே எட்டுக் கோடிப் பேர் இருந்தார்கள். ராகேலுக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. பி-டூ என்ற தேர்வை ஜெயித்துவிட்டால் நர்சுகளுக்கு வழி திறந்துவிடும். அவர்களுக்கு அந்தப் பாஷை தாண்ட வேண்டிய ஒரு வேலி. நிமோனியா, படுக்கைப்புண், எங்கே வலிக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது. அவள் நேசித்த பாஷையிலிருந்து நோயையும் வலியையும் மட்டும் எடுத்து எட்டு வருஷம் வகுப்புக்கு வகுப்பு பரிமாறினாள். போனவர்கள் பனியில் நின்று எடுத்த படம் அனுப்புவார்கள். "டீச்சர் எப்ப வரும்?" என்று கேட்பார்கள். சத்தியதாஸ் மட்டும் கடைக்கு வருகிறவர்களிடம், "எனக்க மோளு ஜெர்மன் பேசும் கேட்டியளா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் இரண்டு முறை பேச்சோடு நின்றது.

சுமி அந்த மாடிப்படி ஏறி வந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ராகேலைவிட ஆறு வயது மூத்தவள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இல்லை, அம்மா முத்துப்பேச்சி கொழுந்து கிள்ளிப் படிக்கவைத்தாள். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருஷ வேலை. முதல் நாள் ராகேல் அவளை "சுமி அக்கா" என்று கூப்பிட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"டீச்சர் என்னை அக்கான்னா நான் டீச்சரை என்னன்னு கூப்பிட?" என்று கேட்டாள் சுமி.

எழுத்துத் தேர்வெல்லாம் சுமிக்குச் சாதாரணம். பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் உட்கார்ந்தவுடன் வாய் அடைத்துக்கொள்ளும். ஒரு முறை தோற்றாள், இரண்டாம் முறை தோற்றாள். மூன்றாம் முறையும் தோற்ற அன்று இருவரும் கீழே பேக்கரியில் டீ குடித்தார்கள்.

"விட்டுரலாம் டீச்சரே" என்றாள் சுமி. "இங்கயே இருக்கேன். வாரத்துக்கு ஒருக்கா மலைக்குப் போய் அம்மாவப் பாக்கறேன். எனக்கு அது மதி, போதும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு விடவா? இன்னும் ஒரு தடவை அக்கா. எனக்காக."

சுமி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள். அந்த முறை ராகேல் வகுப்பு முடிந்து தினமும் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்தாள். நான்காம் முறை சுமி ஜெயித்தாள். 2024 பிப்ரவரியில் போனாள். ஒரு சின்ன ஊர், ஆற்றங்கரை, ஆஸ்பத்திரியின் பின்புறம் காடு. அந்த ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ராகேலுக்குத் தெரியும். சுமி கேட்டுக்கொண்டே இருப்பாள், ராகேல் போனில் சொல்வாள்.

நவம்பரில் ஒரு மத்தியானம், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் சுமி ராகேலின் எண்ணைக் கொடுத்திருந்தாள். மலையில் லயத்துப் பக்கம் ரேஞ்ச் கிடையாது, அம்மாவுக்கு அந்தப் பாஷையும் தெரியாது. ராகேல் ஜெர்மனில் கேட்டாள், பதில் சொன்னாள், திரும்பக் கேட்டாள். இவ்வளவு வேகமாக அவள் பேசி வகுப்பு கேட்டதில்லை. முன்வரிசையில் ஒருத்தி மெச்சிக்கொண்டு பக்கத்தவளை இடித்தாள். பிறகு ராகேலின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

வேலைக்கு நடுவே தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆபரேஷன் ஆகிவிட்டது. மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ராகேல் போனக்காட்டில் பஸ் திரும்பும் இடத்துக் கேண்டீன்காரரின் போனுக்குச் சொன்னாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் முத்துப்பேச்சி இறங்கி வந்தாள். துணிப்பையில் இரண்டு புடவையும் மகளின் பழைய ஒரு போட்டோவும் இருந்தன. ராகேல் அவளை ஆரியசாலை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சத்தியதாஸ் தன் கட்டிலைக் காலி செய்து தந்துவிட்டு முன்னறையில் பாய் விரித்துக்கொண்டார். அங்கே காலை பதினொரு மணி என்றால் இங்கே மூன்றரை. தினமும் மூன்றரைக்கு டாக்டர் பிராண்ட் என்ற பெண்மணி வீடியோவில் வருவார். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து ராகேலும் முத்துப்பேச்சியும் எதிரே உட்காருவார்கள். டாக்டர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, ராகேல் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்.

தமிழில் சொல்வது ராகேல் நினைத்ததுபோல இல்லை. ஆஸ்பத்திரிச் சொல்லெல்லாம் அவளுக்கு ஜெர்மனிலும் மலையாளத்திலும்தான் தெரியும். அவளிடம் இருந்த தமிழ் வேதபுத்தகத் தமிழ். அதில் இருந்தது ஜீவன், ஆவி, மரணம். அவற்றை அந்த அம்மாவிடம் எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னது இது: முன்னேற்றத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. அந்த வாக்கிய அமைப்பை ராகேல் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறாள். பாடப்புத்தகத்தில் அது வானிலைச் செய்தியில் வரும், இன்று மழையை எதிர்பார்ப்பதற்கில்லை என்று. தமிழிலும் அதே அளவில் அப்படியே சொல்லலாம். வாயைத் திறந்தாள். முத்துப்பேச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்னு சொல்றாங்கம்மா."

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்" என்றாள் முத்துப்பேச்சி. அன்றுதான் அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். படுத்ததும் தூங்கினாள். மறுநாள் ஞானசெல்வத்திடம் வழி கேட்டுக்கொண்டு தனியாகப் பழவங்காடிக்கு நடந்துபோய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

"நீ சொன்னது சரியில்ல மக்களே" என்று சத்தியதாஸ் மகளிடம் அடங்கிய குரலில் சொன்னார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. அந்த டாக்டரின் முகத்தை வாசலில் நின்று பார்த்திருந்தார். நான்காம் நாளும் அவள் அதையே சொன்னாள்.

அன்றிரவு தாங்க முடியாமல், ஐந்து வருஷமாகப் பேசாத ஸ்மிதாவுக்கு நான்கு வரி செய்தி அனுப்பினாள். ஸ்மிதா காரணம் எதுவும் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் ரயிலேறி ஐந்தாம் நாள் சுமியின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்கு மூன்றரை மணி அழைப்பில் போனைப் பிடித்திருந்தது அவள்தான். முத்துப்பேச்சி மகளின் முகத்தை அருகில் பார்த்தாள். தலையை மழித்திருந்தார்கள்.

"கண்ணு முழிக்க இன்னும் எத்தன நாளாகும்னு கேளு டீச்சரே" என்றாள். சிரித்த முகத்தோடு கேட்டாள்.

ராகேல் அதை அப்படியே ஜெர்மனில் கேட்டாள். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை நான் சொன்னது அவர்களுக்குப் புரிந்ததா என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். படத்துக்கு வெளியிலிருந்து ஸ்மிதாவின் குரல் தமிழில் வந்தது.

"ராகேல், நீ அவாகிட்ட சொல்லலையா?"

ராகேல் சரிந்த போனை டப்பாவில் நிமிர்த்திவைத்தாள்.

"சொல்லிடுடி. அவாளுக்குத் தெரியணும். நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்."

"அம்மா" என்றாள் ராகேல். போனைப் பார்க்காமல் முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "முந்தாநாளே சொல்லியாச்சு. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன். சுமி அக்கா இனி எழும்பமாட்டா. மெஷின் நிறுத்தினா மூச்சு நிக்கும்."

முத்துப்பேச்சி அழவில்லை. "முந்தாநாளேவா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் எழுந்து பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. ஞானசெல்வம் போய்க் குழாயை மூடி அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

ஆறாம் நாள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். அந்த நாட்டுச் சட்டத்தில், நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால், குடும்பத்தாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். நோயாளியாலேயே பேச முடிந்திருந்தால் என்ன விரும்பியிருப்பார் என்றுதான் கேட்பார்கள். ராகேல் இந்த முறை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அம்மா, சுமி அக்காவுக்கு என்ன வேணும்னு இருந்திருக்கும்னு கேக்கறாங்க."

முத்துப்பேச்சி அந்தக் கேள்வியை ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

"அவளுக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரு கேட்டோம் டீச்சரே? பள்ளிக்கூட டீச்சராகணும்னு சொன்னா. நர்சுக்குப் படின்னது நானு. இங்கயே இருக்கேன்னா. போயிட்டு வான்னதும் நான்தான். அவ வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதில்ல. இப்ப கடைசியில வந்து இதக் கேக்காங்களே!"

ராகேலுக்கு பேக்கரியும் டீ டம்ளரும் கண்முன் வந்தன. எனக்காக என்று சொன்னதும் வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. பேச்சுத் தேர்வுக்குத் தயார் செய்யும்போது தலைப்பு எழுதிய அட்டைகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஒருநாள் சுமிக்கு வந்த அட்டை மருத்துவமும் இயந்திரங்களும் என்பது. அன்று சுமி தடுமாறவே இல்லை. பதினோரு வருஷம் மெஷின்களுக்கு நடுவே நின்றவள், உடைந்த ஜெர்மனில் கடகடவென்று பேசினாள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மெஷின் மூச்சு விடும், ஆள் அங்கே இருக்கமாட்டார், எனக்கு அப்படிச் செய்ய வேண்டாம். ராகேல் அவளை நிறுத்தி, வினைச்சொல் கடைசியில் வர வேண்டும் என்று திருத்தினாள். சுமி திருத்திய வாக்கியத்தைப் பிழையில்லாமல் இன்னொரு முறை சொன்னாள். நல்லது என்று ராகேல் அடுத்த அட்டையை எடுத்தாள். அவள் சொன்னது என்ன என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதை இப்போது சொல்லலாமா என்று தெரியாமல் ராகேல் திகைத்தாள். அவள் அங்கே உட்கார்ந்திருந்தது அடுத்தவர் பேச்சைச் சொல்லத்தான். டாக்டர் காத்திருந்தார்.

"அம்மா, சுமி அக்கா ஒருநாள் கிளாஸ்ல இதப் பத்திப் பேசினா. எனக்கு மெஷின் வைக்க வேண்டாம்னு சொன்னா."

"அவ வாயாலயா?"

"ஆமா. அவளுக்க வாயாலதான்."

"தமிழ்லயா சொன்னா?"

"இல்லம்மா. ஜெர்மன்ல."

முத்துப்பேச்சி போனைப் பார்த்தாள். ஸ்மிதா படுக்கைப் பக்கம் போனைத் திருப்பியிருந்தாள். சுமியின் நெஞ்சு ஒரே அளவாக ஏறி இறங்கியது.

"அப்ப அவங்களுக்குப் புரியற பாஷையிலதான சொல்லியிருக்கா. அவ சொன்னத அப்படியே சொல்லு. மாத்தாத."

ராகேல் சொன்னாள். சுமி அன்று திருத்திச் சொன்ன அதே வாக்கியத்தை, அவள் சொன்ன சொற்களிலேயே சொன்னாள். சொல்லி முடித்ததும் டாக்டர் பிராண்ட் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

ஏழாம் நாள் மெஷினை எடுத்தார்கள். ஸ்மிதா சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி போனில் மகளிடம், "பைய போ தாயி, பைய போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபது நிமிஷம்.

பதினேழு நாள் கழித்துச் சுமி பெட்டியில் வந்தாள். விதுரை தாண்டி மழையில் வண்டி மலையேறியது. லயத்துக்குப் பின்னால் தேயிலைப் புதர் காடாகிவிட்ட சரிவில் அவளை அடக்கம் செய்தார்கள். பெட்டியோடு வந்த காகிதங்கள் எல்லாம் ஜெர்மனில் இருந்தன. பஞ்சாயத்து ஆபீசில் ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ராகேல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதிக் கொடுத்தாள். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததை இரண்டு முறை எழுதி அடித்தாள்.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு ராகேலும் அப்பாவும் மறுபடி மலைக்குப் போனார்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவள் முத்துப்பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் அந்த ரெண்டு நாளு உங்ககிட்ட பொய் சொன்னேன். என்னை மன்னிக்கணும்."

முத்துப்பேச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கோபமாகப் பேசவில்லை.

"அந்த ரெண்டு நாளு நான் தூங்கினேன் மோளே. நீ எனக்காகத்தான் சொன்ன, எனக்குத் தெரியாமலா? ஆனா நீ அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். எனக்குத் தூக்கம். அவளுக்கு ரெண்டு நாளு கூடக் கிடப்பு."

சுமிக்கு வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை ராகேல் சொல்ல நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் தான் சொல்லி இனி அவள் நம்புவாள் என்று தோன்றவில்லை. சத்தியதாஸ் வெளியே பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இருமினார்.

ராகேல் மூன்று மாதம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகவில்லை. நர்சுகள் வீட்டுக்கே தேடி வந்தார்கள். அவர்களுக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு போனாள். இப்போது ஆரம்பநிலை வகுப்பு மட்டும் எடுக்கிறாள். எழுத்து, எண், வீட்டுச் சாமான், ஆண், பெண், அஃறிணை. பேச்சுத் தேர்வுக்குத் தயார் செய்ய வேறு ஆள் வந்திருக்கிறார். மூன்றரை மணி வகுப்பை மட்டும் அவள் வேண்டாமென்று மாற்றிக்கொண்டாள். ஸ்மிதா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். வா, ஒரு மாதம் என்னோடு இருந்துவிட்டுப் போ, விசாவுக்கு நான் கடிதம் தருகிறேன் என்கிறாள். ராகேல் பார்க்கலாம் என்கிறாள். சத்தியதாஸ் கடையில் மகளின் ஜெர்மனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை முத்துப்பேச்சி கூப்பிடுவாள். பஸ் திரும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் ரேஞ்ச் உண்டு, அங்கே வந்து நின்று பேசுவாள். சாப்பிட்டியா, அப்பாவுக்குக் கால்வலி எப்படி, இங்கே அட்டைக்கடி ஜாஸ்தி, மழை விடவில்லை. சுமியின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. குரல் விட்டு விட்டு வரும். பாதிப் பேச்சு காதில் விழாது. ராகேல் திரும்பக் கேட்காமல், ம் என்று சொல்லிக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி நிற்பாள், அங்கே பஸ் வந்து முத்துப்பேச்சி "செரி மோளே, வைக்கட்டா" என்று சொல்லும்வரை.